ஸ்கான் நோர்மல், பிள்ளைக்குப் பயம் மட்டும் போகவில்லை

கேள்வி:

டொக்டர், நான் விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்கிறவன். வயலும் கொஞ்சம் உண்டு. மகனுக்குப் பத்து வயது, தரம் ஐந்து. போன ஐப்பசியில் மழை இருட்டுக்குள் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வரும்போது, ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. மகன் முன்னால் டாங்கியில் இருந்தவன். தலை தாரில் அடிபட்டது. எனக்கு ஹெல்மெட் இருந்தது, அவனுக்கு இல்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றும்போதுதான் கண் திறந்தான். மறுநாள் மத்தியானம்வரை கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்கான் எடுத்து, "நோர்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று மூன்றாம் நாள் துண்டு வெட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து பிள்ளை வேறு பிள்ளை. இரவில் கக்கூசுக்குத் தனியே போகமாட்டான். தாய் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் போவான். விடிந்தால் வயிற்றுக்குத்து, பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறான். நான் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினால் அறைக்குள் ஓடுகிறான். படித்தது நிற்கவில்லை. ரீச்சர் "கள்ளம் பண்ணுறான்" என்கிறா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், காதைப் பொத்திக்கொண்டு குளறினான். சனம் பேய் என்றது. அம்மா நூல் கட்டுவித்தா. பாமசியில் நித்திரைக் குளிசை பாதி தந்தார்கள், இரண்டு தரம் கொடுத்தோம். புலமைப்பரிசில் சோதினையும் வருகிறது. இது அடிபட்டதால் வந்ததா, பயந்ததால் வந்ததா? இப்படியே இருந்துவிடுவானா? இடைக்கிடை ஒன்றுமில்லாமலே திடீரென்று பயந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கம் பார்த்தபடி நிற்பான், கூப்பிட்டாலும் கேளாது, பிறகு நித்திரையாகிவிடுவான். எனக்கும் 2009-ஆம் ஆண்டு யுத்தத்தில் பட்ட செல் துண்டு தோளில் கிடக்கிறது, நித்திரை குறைவு. நான்தான் கூட யோசிக்கிறேனோ தெரியாது.

பதில்:

தம்பி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஒன்றுமில்லாமலே பயந்து ஒரே பக்கம் பார்ப்பான் என்று, அதில் தொடங்குகிறேன். மற்றதெல்லாம் இரண்டு கிழமை பொறுக்கும். இது பொறுக்காது.

அது பயமாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். வலிப்பு என்றால் கைகால் இழுத்து நுரை தள்ளுவது என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது. காதுக்கு உட்பக்கமாக இருக்கிற மூளைப் பகுதியில் கிளம்புகிற வலிப்பு பல தடவைகளில் அப்படி வராது. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல இருக்கும், காரணமில்லாத பயம் ஒன்று வரும், பார்வை குத்திட்டு நிற்கும். சில பிள்ளைகள் வாயைச் சப்புவார்கள், சட்டை விளிம்பைப் பிசைவார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். பிறகு களைப்பு, நித்திரை. தலையில் அடிபட்டு மாதங்கள் கழித்தும், சிலருக்கு வருடங்கள் கழித்தும் இது தொடங்குவதுண்டு.

வெறும் பயத்துக்கு ஒரு முகம் இருக்கும். இருட்டு, வாகனச் சத்தம், நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒன்று அதற்குப் பின்னால் நிற்கும். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அழுதுகொண்டாவது பிள்ளை உங்களுக்குப் பதில் சொல்லும், பிறகு நடந்ததையும் சொல்லும். வலிப்பு அப்படியில்லை. பட்டம் விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதும் வரும், ஒவ்வொரு தரமும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வரும், முடிந்தபின் கேட்டால் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஞாபகம் இராது. எது என்று கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சொல்ல முடியாது. உங்கள் போனால் முடியும். அடுத்த தரம் வரும்போது பக்கத்தில் தாயை இருக்கச் சொல்லிவிட்டு வீடியோ எடுங்கள். பிள்ளையின் முகமும் இரண்டு கையும் தெரியவேண்டும், நடுவில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற உங்கள் குரலும் பதியவேண்டும். நாங்கள் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டுப் பிடிக்க முடியாததை அந்த ஒரு நிமிடம் காட்டிவிடும். ஈ.ஈ.ஜி. என்ற மூளை மின்பதிவுக்கும் அனுப்புவார்கள். அது சுத்தமாக வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் பதிவு எடுக்கிற அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம்.

முடிவு தெரியும்வரை குளத்திலோ வாய்க்காலிலோ தனியே குளிக்கவேண்டாம். உங்கள் கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் அந்தப் பக்கமே வேண்டாம். மரம் ஏறுவதும் ரோட்டில் சைக்கிள் ஓடுவதும் பிறகு. கைகால் இழுத்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணிக்கிற வேலையும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஸ்கான் நோர்மல் என்றால் பிறகு என்ன கோளாறு?

"நோர்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்பது நாங்கள் வாட்டில் அடிக்கடி சொல்கிற வசனம். நானே சொல்லியிருக்கிறேன். அந்த இரவில் அது உண்மையும்கூட. மண்டையோடு வெடிக்கவில்லை, உள்ளே இரத்தம் கட்டவில்லை, திறந்து ஒப்பரேசன் செய்யத் தேவையில்லை. சி.ரி. ஸ்கான் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். ஆனால் வீட்டுக்குப் போகிற தகப்பன் அந்த வசனத்தை "மூளைக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று எடுத்துக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடமும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. பிறகு பிள்ளை மறந்தால் கள்ளம், பயந்தால் பேய்.

உங்களுக்குக் குளம் தெரியும். வெள்ளம் வடிந்தபின் நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஜீப்பில் வந்து கட்டைப் பார்ப்பார். கட்டு உடையவில்லை, துருசு நிற்கிறது, வான் ஒழுங்காகப் பாய்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். அவர் எழுதியது சரி. உங்கள் வயலுக்கு வருகிற கடைசி வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்து கிடக்கிறது என்று அந்த ஜீப்பிலிருந்து தெரியாது. தண்ணீர் வராதபோது உங்களுக்குத்தான் தெரியும். மகனுடைய விசயத்தில் அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் நீங்கள்தான்.

ஆட்டு மூளை கையில் எடுத்திருப்பீர்கள், எவ்வளவு மெதுமை என்று தெரியும். எங்களுடையதும் அப்படித்தான். மண்டையோட்டின் மேற்பக்கம் உள்ளே வழுவழுப்பு. ஆனால் நெற்றிக்குப் பின்னாலும் கன்னப்பொறிக்கு உள்ளேயும் அதன் அடித்தளம் கரடுமுரடான எலும்பு. ஓடிக்கொண்டிருந்த தலை தாரில் மோதி ஒரேயடியாக நிற்கும்போது மூளை நிற்பதில்லை. அந்தக் கரட்டில் உரசும், முறுகும். ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கிற நுண்ணிய நரம்பிழைகள் இழுபடும். இழைகள் முழுதாக அறுவது குறைவு. இழுபட்டவை அடுத்த மணித்தியாலங்களிலும் நாட்களிலும் உள்ளுக்குள் பழுதாகிப்போவதுதான் கூட. இவற்றைப் பெரும்பாலும் சி.ரி. காட்டாது.

உங்கள் மகனுடைய பயம் இந்த இடத்தில்தான் வருகிறது. இரண்டு காதுக்கும் உட்புறமாக, வாதுமைப் பருப்பளவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. ஆபத்து என்று முதலில் கத்துவது அது. யோசித்துக் கத்துவதில்லை, கத்திவிட்டுத்தான் மற்றது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை அதற்குப் பதில் சொல்லும்: "அது பக்கத்து வீட்டு மாமாவின் மோட்டார் சைக்கிள், கேற்றுக்கு வெளியே போகுது, நீ வீட்டுக்குள்ள நிக்கிறாய்." அந்தப் பதில் போய்ச் சேர்ந்தால் நெஞ்சிடிப்பு இறங்கும். பதில் போகிற இழைகளும் பதில் சொல்கிற முன்மூளையும் அந்தக் கரடான எலும்பின் மேல்தான் கிடக்கின்றன. அங்கே அடிபட்டால் கத்துகிறது கத்திக்கொண்டே இருக்கும், சமாதானம் சொல்ல ஆள் வந்து சேராது. ஞாபகத்தைப் பதிகிற ஹிப்போகாம்பஸும் அமிக்டலாவுக்குப் பக்கத்து வீடுதான். படித்தது நிற்கவில்லை என்பதையும் பயம் போகவில்லை என்பதையும் நீங்கள் ஒரே கடிதத்தில் எழுதியிருப்பது எனக்குப் புதினமாக இல்லை.

தலையில் அடிபட்ட பிள்ளைகளைக் கலிபோர்னியாவின் சிறுவர் மனநல மருத்துவர் ஜெஃப்ரி மக்ஸும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். அடிபட்டு ஆறு மாதத்துக்குள் புதிதாகத் தொடங்கிய பதகளிப்பு நோய்களை, அதாவது பயமும் பதற்றமும் விடாமல் நிற்கிற நோய்களை, பற்றி 2011-இல் எழுதினார்கள். அடிபடும்போது வயது குறைந்த பிள்ளைகளிலும், முன்பே கொஞ்சம் பதகளிப்பு இருந்த பிள்ளைகளிலும் அது கூடுதலாக வந்தது. முன்மூளையின் மேல் மடிப்பில் காயம் இருந்தவர்களிலும் கூடுதலாக வருகிற போக்குத் தெரிந்தது. இவை பல பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற விசயங்கள். ஒரு பிள்ளையின் எம்.ஆர்.ஐ. படத்தைத் தூக்கிப் பிடித்து "இந்தா, இதுதான் இவனுடைய பயம்" என்று யாரும் விரலால் காட்ட முடியாது. ஆகவே யாராவது சொன்னார்கள் என்று வட்டிக்குக் காசெடுத்துக்கொண்டு தனியார் ஸ்கானுக்கு ஓடாதீர்கள். வைத்தியர் தேவை என்று எழுதினால் எடுங்கள்.

அடிபட்டதாலா, பயந்ததாலா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஓடுவது அந்த இரவின் வடு. வற்றாப்பளையில் குளறியது வேறு. ஒலிபெருக்கி, பறை, சனம், வெளிச்சம், வெக்கை, நித்திரை முழிப்பு எல்லாம் ஒன்றாக வந்தால் அடிபட்ட மூளை வடிகட்ட முடியாமல் திணறும். நல்ல பெரிய ஆளுக்கே அங்கே தலை சுத்தும். விடியற்காலை வயிற்றுக்குத்து பள்ளிக்கூடத்தில் தோற்றுப்போவோம் என்ற பயத்தின் குத்து. முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்று அவனுக்குத் தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. பத்து வயதில் அது பெரிய தனிமை.

உங்கள் அம்மா கட்டுவித்த நூலை அறுக்கச் சொல்லமாட்டேன். அது கிழவியின் அன்பு, கையில் கிடக்கட்டும். பேய் பிடித்திருக்கிறது என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லவேண்டாம் என்று அவவிடம் மன்றாடுங்கள். தனக்குள் வேறு ஏதோ குடியிருக்கிறது என்று நம்புகிற பிள்ளை இரவில் எப்படிக் கக்கூசுக்குப் போகும்? அந்த நித்திரைக் குளிசையையும் இனிக் கொடுக்காதீர்கள். அந்த வகைக் குளிசைகள் மறதியைக் கூட்டும், குழப்பும், அவற்றை வைத்தியர் எழுதாமல் பிள்ளைக்குக் கொடுப்பது பிழை. இந்தப் பதகளிப்புக்கு முதல் சிகிச்சை பேச்சும் பழக்கமும்தான். அதற்குமேல் மருந்து வேண்டுமென்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன, வைத்தியர் பார்த்துத் தருவார்.

"சின்னப்பிள்ளைதானே, கெதியா மாறிடும்" என்று ஆளுக்காள் சொல்லியிருப்பார்கள். மருத்துவ உலகமும் நெடுநாள் அப்படித்தான் நம்பியது. மார்கரெட் கெனார்ட் 1936-இல் குரங்குகளில் செய்த ஆய்வு, இளம் மூளை கைகால் அசைவைக் கூடுதலாக மீட்டுக்கொள்கிறது என்று காட்டியதை நாங்கள் எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டோம். கவனம், ஞாபகம், தன்னை அடக்குதல் போன்றவற்றில் அது அப்படிச் சரிவரவில்லை. முன்மூளை இருபத்தைந்து வயதை அண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கட்டி முடியாத வீட்டில் விழுந்த அடி, மேல்மாடி கட்டும்போதும் தெரியவரலாம். தரம் ஆறுக்குப் போய்ப் பாடத்துக்கு ஒரு ரீச்சர் என்று வரும்போது புதிதாகத் தடுமாறினால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இப்படியே இருந்துவிடுவானா என்ற கேள்விக்கு: அரை மணித்தியாலத்துக்குள் கண் திறந்து, ஒரு நாளுக்குள் தெளிந்த பிள்ளையை நாங்கள் லேசான காயம் என்ற வகையில் வைக்கிறோம். உங்கள் மகன் அந்த வகையின் மேல் விளிம்பில் நிற்கிறான். இந்த வகையில் பெரும்பாலான பிள்ளைகள் சில கிழமைகளில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஐப்பசியிலிருந்து எட்டு மாதம் என்பது நீளம், அதனால்தான் கிளினிக்குக்கு வரச் சொல்கிறேன். ஆனால் பதகளிப்பு என்பது அடிபட்டபின் வருகிற கோளாறுகளில் சிகிச்சைக்கு நன்றாக இணங்குகிற ஒன்று. இழுபட்ட இழையை நான் தைக்க முடியாது. சமாதானம் சொல்கிற வழியைத் திரும்பத் திரும்ப நடந்து தடமாக்க முடியும்.

அந்தத் தடம் எப்படி என்று மோட்டார் சைக்கிளை வைத்தே சொல்கிறேன். நிறுத்திவைத்த சைக்கிளை நீங்கள் முற்றத்தில் கழுவுங்கள். அவன் விறாந்தையில் நின்று பார்க்கட்டும். இரண்டு நாள் போக, வாளியைக் கொண்டுவந்து தரட்டும். பிறகு சில்லைத் துடைக்கட்டும். சாவி போடாமல் சீற்றில் ஏறி இருக்கட்டும், அவனே ஹோர்னை அடித்துப் பார்க்கட்டும். "இப்ப பயம் பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். ஆறு என்றால் அங்கேயே இருங்கள், மூன்றுக்கு இறங்கும்வரை. இறங்குவதற்கு முன் இறக்கிவிட்டால், ஓடினதால்தான் தப்பினேன் என்று மூளை படித்துக்கொள்ளும். அடுத்தது, அவன் படலையடியில் நிற்க நீங்கள் ஸ்டார்ட் பண்ணுவது. அதற்கடுத்தது, ஸ்டார்ட் பண்ணும் பொத்தானை அவன் விரலால் அமத்துவது. பிறகு அவன் தலைக்கு அளவான ஹெல்மெட்டுடன், பின்னால், உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கை முடிவுவரை. இது ஒரு மாதம் எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம். ஒரு படியில் நின்றுவிட்டால் அதற்கு முந்தின படிக்கு இறங்கி வாருங்கள், பேச்சு விழவேண்டாம். அந்தத் திடீர் நிலைமை வலிப்பா என்று தெரியும்வரை ஏறி ஓடுகிற படிக்குப் போகவேண்டாம், முற்றத்து வேலைகள் எல்லாம் செய்யலாம். இருட்டுக்கும் கக்கூசுக்கும் இதே வேலைதான், ரோச் லைற்றும் தாய் நிற்கிற தூரமும்தான் மாறும்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம்: தலையிடிக்குதோ, சத்தி வருதோ, சுத்துதோ என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் அவனிடம் கேட்கிறீர்கள்? கேட்கிற ஒவ்வொரு தரமும், "உன்ர தலைக்குள்ள ஏதோ இருக்கு" என்று அப்பா சொல்வதாகத்தான் அவனுக்குக் கேட்கும். பின்னேரம் ஒரு தரம் கேளுங்கள், போதும். வருத்தம் வந்தால் வந்து சொல்லச் சொல்லுங்கள். டாங்கியில் இருத்தி, ஹெல்மெட் இல்லாமல் கொண்டுபோனது பிழை. இந்த மாவட்டங்களில் அந்தப் பிழையைச் செய்யாத தகப்பனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்றாலும் பிழை பிழைதான். அதை அவனிடம் ஒருக்காச் சொல்லுங்கள்: "அண்டைக்கு அப்பா உனக்கு ஹெல்மெட் போடேல்ல, அது அப்பான்ர பிழை, இனி நடவாது." ஒருக்காப் போதும். அதற்குப் பிறகும் அந்தக் குற்ற உணர்வை அவன் முன்னால் சுமந்துகொண்டு திரிந்தால் அவன் உங்களையும் பார்த்துக்கொள்ளத் தொடங்குவான்.

செல் துண்டைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டு, கூட யோசிக்கிறேனோ என்று முடித்துவிட்டீர்கள். வன்னியில் உங்கள் வயதுக்காரர் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு கதவு அடித்தால் நீங்கள் துள்ளுகிறீர்கள், அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான், ஆபத்து என்று படித்துக்கொள்கிறான். தாய் தகப்பனின் மனநிலை பிள்ளையின் தேறலோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்பது இந்தத் துறையில் இருக்கிற எங்களுக்குத் தெரிந்த விசயம். அவனைக் கொண்டுவருகிற அன்று உங்களுக்கும் ஒரு நம்பர் எடுங்கள். அதற்கு முன் இரவில் தாங்கமுடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் எந்த நேரமும் பேசலாம்.

பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் போய்க் கெஞ்சவேண்டியதில்லை. கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்கி அதிபரிடம் கொடுங்கள். முன் வாங்கு, ஜன்னல் பக்கம் இல்லாமல். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து. கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுத அனுமதி. இடைவேளைக்குப் பிறகு களைத்தால் பத்து நிமிடம் அமைதியான ஓரிடம். ரீச்சர் ஒரு விசயம் கவனிக்கலாம்: முதல் இரண்டு பாடத்திலும் சரியாகச் செய்து, பிறகு பிழை விடுகிறானா என்று. கள்ளம் பண்ணுகிற பிள்ளை நேரம் பார்த்துக் கள்ளம் பண்ணாது. பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அரை நாளாவது போகட்டும், வீட்டில் இருக்க இருக்கப் பயம் தடிக்கும்.

புலமைப்பரிசில்? விருப்பமென்றால் போய் எழுதட்டும், ஆனால் ரியூசனை நிறுத்துங்கள். பத்து வயதுப் பிள்ளையைக் காலை, பின்னேரம், ஞாயிறு என்று வாங்கில் இருத்திவைக்கிற இந்தச் சோதினையில் எனக்கு அடிபடாத பிள்ளைகளுக்காகவே கோபம் உண்டு, அது வேறு கதை. அந்த நேரத்தில் அவன் நித்திரை கொள்ளட்டும், விளையாடட்டும். இரவு எட்டரைக்குப் போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, உங்களுக்குக் கிட்டிய மாவட்ட வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையே போங்கள். ஓபிடியில் "தலையில் அடிபட்ட பிள்ளை, வலிப்போ என்று சந்தேகம்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள், பயம் என்று தொடங்காதீர்கள். துண்டு வெட்டியபோது தந்த அட்டையும், போனில் எடுத்த வீடியோவும் கையில் இருக்கட்டும். வீடியோ இன்னும் கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்கவேண்டாம். கூடவே அவனுடைய இரண்டு கொப்பிகள், போன புரட்டாதியில் எழுதியது ஒன்று, இப்போது எழுதுவது ஒன்று. வைத்தியர் கேட்காவிட்டாலும் இரண்டையும் விரித்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.